ஓசூருக்குப் போனவள்

முன்பக்கத்துக் கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஜெபமணி தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துச் சந்துக்கு நடந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் தேங்காய் பன்னும் கொஞ்சம் கமலா ஆரஞ்சும் இருந்தன. துடியலூரில் மெயின்ரோட்டுச் சத்தம் எட்டாத சந்து அது. மத்தியான வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லை. பின்கதவின் தாழ்ப்பாளை முன்பே விலக்கி வைத்திருந்தாள். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த வயதில் சொந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டியிருக்கிறதே என்று வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலிலிருந்து செருப்பைக் கழற்றுவதுகூட அலுப்பாக இருந்தது. கிறிஸ்துமசுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஓசூரில் இருக்கும் மகன் மெல்வினிடம், கருமத்தம்பட்டியில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். தங்கை ரோஸ்லினிடம், மகன் வீட்டுக்கு ஓசூர் போவதாகச் சொல்லியிருந்தாள். அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்வது கிடையாது. எல்லாச் செய்தியும் ஜெபமணி வழியாகத்தான் போகும், வரும். ஆகவே மாட்டிக்கொள்ள வழியில்லை. பக்கத்து வீட்டுக் கோமளாவிடமும் ஓசூர் என்றே சொல்லிவிட்டாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை. வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர்களே மீதியைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். "அதுதாங்க்கா சரி. மொதக் கிறிஸ்மஸ் பாருங்க, தனியா இருக்கக்கூடாது" என்றாள் கோமளா. ரோஸ்லினும் அதையே சொன்னாள். மெல்வினும் சொன்னான். ஆகஸ்டிலிருந்து அவளிடம் பேசிய எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு வேண்டியது தூக்கம். வேறு ஒன்றுமே இல்லை. கணவர் பாக்கியராஜ் பக்கவாதத்தில் விழுந்து இரண்டரை வருஷம் முன்னறையில் கட்டிலோடு கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பீளமேட்டில் பம்புக் கம்பெனியில் முப்பது வருஷம் இரும்பைப் புரட்டிய உடம்பு. விழுந்த பிறகும் கனம் குறையவில்லை. ஒரு கட்டிலையும் காற்று அடைக்கிற மெத்தையையும் வாடகைக்கு எடுத்தார்கள். அதற்கு ஒரு சின்ன மோட்டார். இரவு பகலாக உர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் அவள் தரையில் பாய் விரித்துப் படுத்தாள், கோழித்தூக்கம் தூங்கினாள், எழுந்தாள், புரட்டினாள், மறுபடி படுத்தாள். ஆகஸ்டில் அவர் போன மறுநாள் ஆட்கள் வந்து மெத்தையைச் சுருட்டிக் கட்டிலோடு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. அமைதியானதும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கண் அயரும், இரண்டு மணி நேரத்தில் திடுக்கென்று விழிப்பு வரும், மோட்டார் நின்றுவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எழுந்து முன்னறைக்கு வந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. கட்டில் கால்கள் பதிந்த நான்கு தடம் மட்டும் தரையில் இருக்கும்.

நவம்பரில் ஓசூருக்குப் போய் மகன் வீட்டில் பத்து நாள் இருந்தாள். மருமகள் நல்ல பெண்தான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் "அத்தைங்க, எங்க மாமா தவறிட்டாருங்க" என்று அறிமுகம் செய்துவைத்தாள். வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை ஆறுதல்படுத்த அவள்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. தங்கை வீட்டிலோ நிலைமை வேறு. ரோஸ்லின் முதல் நாள் கட்டிப்பிடித்து அழுவாள். இரண்டாம் நாள் "உன் கைப்பக்குவம் யாருக்குக்கா வரும்" என்று அச்சு முறுக்கு அச்சைக் கையில் கொடுத்துவிடுவாள். முப்பது பேருக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். இரண்டையும் நினைத்துப் பார்த்துத்தான் ஜெபமணி இந்த முடிவுக்கு வந்தாள். தன் வீட்டில், தன் கட்டிலில், யாருக்கும் பதில் சொல்லாமல் இந்தப் பண்டிகையைப் படுத்துக் கடத்திவிட வேண்டும்.

ஆனால் ஒளிந்திருப்பதிலும் வேலை இருந்தது. குக்கர் வைக்க முடியாது. விசில் சத்தம் கோமளா வீட்டுச் சமையலறைக்கு நேராகக் கேட்கும். சட்டியில் சோறு பொங்கிக் கஞ்சி வடித்தாள். மிக்சி போட முடியாததால் தேங்காய்த் துவையலை மறந்துவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். பால்காரரிடம் வேண்டாமென்று சொல்லியாயிற்று, கருங்காபி. டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தாள். யாரோ ஒருத்தி எதற்காகவோ வாயை மட்டும் திறந்து அழுதாள். தண்ணீர் மோட்டார் போட முடியாது என்பதை இரண்டாம் நாள் காலையில்தான், பாத்ரூம் குழாய் புஸ் என்று காற்றை விட்டபோது உணர்ந்தாள். இரண்டு குடம் குடிதண்ணீர் இருந்தது. அதில் முகம் கழுவினாள். குளிக்கவில்லை. ஒரு நாள் குளிக்காமல் இருப்பதில் இவ்வளவு சுகமா என்றிருந்தது. நைட்டியோடு கட்டிலில் படுத்துக்கொண்டு தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள், போர்வையெல்லாம் தூள். தட்டி விடவும் தோன்றவில்லை. ஆரஞ்சை உரித்து, தோலைத் தலைமாட்டிலேயே போட்டாள். அறை முழுவதும் அந்த வாசம். டெட்டாலும் மருந்தும் பவுடரும் கலந்த வாடை இல்லாத அறை. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். நன்றாக இருக்கிறது என்றால், அவர் இல்லாதது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமோ. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். தூக்கம் மட்டும் வரவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் சலசலவென்று சத்தம் கேட்டது. திரைச்சீலையின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கோமளா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ரப்பர் டியூபைச் சுவருக்கு மேலாக நீட்டி, ஜெபமணியின் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவள் கணவர் வரதராஜுலு நின்றார்.

"அந்தக் கடேசித் தொட்டிக்கு எட்ட மாட்டீங்குது. நல்லாப் புடிங்க."

"புடிச்சுட்டுத்தான் இருக்கறேன். நீ ஆடாம நில்லு. உழுந்து கால ஒடச்சுட்டீன்னா உனக்கு யாரு தண்ணி ஊத்தறது?"

"ஏன், நீங்க ஊத்த மாட்டீங்களாக்கும்?"

"பாக்கலாம், பாக்கலாம்."

"பாவம் அக்கா. ஓசூர்ல குளுரு எப்படி இருக்குதோ. சொட்டரு எடுத்துட்டுப் போச்சோ இல்லியோ."

ஜெபமணி ஜன்னலுக்குக் கீழே மெதுவாகக் குந்தி உட்கார்ந்தாள். இரண்டு வீடும் ஒன்றாக எழும்பிய காலத்திலிருந்து பழக்கம். தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வரும். கிறிஸ்துமசுக்கு இங்கிருந்து பிரியாணியும் கேக்கும் போகும். டிசம்பர் பிறந்ததும் பாக்கியராஜ் மொட்டைமாடியில் பைப்பு நட்டு ஸ்டார் கட்டுவார். வரதராஜுலு கீழே நின்று வலது, இடது என்று உத்தரவு போடுவார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை. அது கோமளாவுக்கும் தெரியும். இந்த மாத ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் காந்திபுரம் போய் ஒரு பெரிய சிவப்பு ஸ்டாரை வாங்கி வந்து தன் வீட்டுப் பால்கனியில் கட்டிவிட்டாள். "உங்கூட்ல இந்த வருசம் போடக்கூடாதில்லீங்க்கா. அதான் எங்கூட்ல கட்டிப்போட்டேன். சந்துல ஒண்ணாவது எரியோணுமில்ல" என்றாள். ஜெபமணி அப்போது சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது தொட்டிகளிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இருட்டியது. விளக்குப் போடாத முன்னறையில் அந்த ஸ்டாரின் சிவப்பு, தரையில் ஒரு ஓரமாக விழுந்து கிடந்தது. அப்போதுதான் சந்து முனையில் வேன் வந்து நிற்கும் சத்தமும், கஞ்சிராச் சிணுங்கலும், ஒரு கும்பலின் சிரிப்பும் கேட்டன. கேரல் பாடுகிறவர்கள். சர்ச்சிலிருந்து வருஷா வருஷம் வீடு வீடாக வந்து பாடி, ஜெபம் செய்து, கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஜெபமணிக்கு அது மறந்தே போயிருந்தது. பூட்டைப் பார்த்தால் போய்விடுவார்கள் என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"லின்சிக்கா, இந்தச் சந்துல நம்ம சர்ச் வீடு ஒண்ணுதான். பாக்கியராஜ் அங்கிள் வீடு."

"எதுன்னு தெரியுமாடா?"

"ஸ்டார் போட்டிருக்குது பாருங்க. பக்கத்து வீடு பூட்டியிருக்குது."

"துக்க வீட்ல ஸ்டாரு போட்டிருக்காங்க?"

"பசங்க யாராச்சும் கட்டியிருப்பாங்க்கா."

"சரி. எல்லாரும் கேட்டுக்கோங்க. அங்கிள் தவறி இப்பதான் நாலு மாசம் ஆவுது. டிரம் அடிக்கக்கூடாது. கிறிஸ்மஸ் தாத்தா, நீ ஆடாத. மொகமூடியக் கழட்டு. மெதுவான பாட்டு ஒண்ணு பாடிட்டு, ஜெபம் பண்ணிட்டு, ஒண்ணும் சாப்பிடாம கெளம்பிரலாம்."

லின்சி என்கிற பெண்ணின் குரல் ஜெபமணிக்குப் புதிது. பாக்கியராஜ் படுத்த பிறகு ஜெபமணி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனதே குறைவு. இளசுகள் எல்லாம் புது முகம். சர்ச் போதகர் ஐயரும் ஜூனில் மாறி வந்தவர். அவர்கள் கோமளா வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். ஜெபமணி ஜன்னலில் நின்று பார்த்தாள். வரதராஜுலு பனியனும் கட்டம் போட்ட லுங்கியுமாக வெளியே வந்தார். கோமளா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். வீடு தேடி வந்தவர்களை யாரென்று கேட்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. "வாங்க, வாங்க. உள்ள வாங்க கண்ணு, எல்லாரும் உள்ள வாங்க" என்று கோமளா சொல்ல, "இல்லீங்கம்மா, இங்கயே நிக்கறோம்" என்று லின்சி தணிந்த குரலில் சொன்னாள். முகத்தில் அத்தனை துக்கம்.

போர்ட்டிகோ வெளிச்சத்தில் இருபது பேர் தலை குனிந்து நின்று பாடினார்கள். சவ அடக்கத்தில் பாடுகிற மாதிரி மெதுவான பாட்டு. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் முகமூடியைக் கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் கட்டிய தலையணையோடு, கண்ணை மூடி நின்றான். கோமளாவும் பயபக்தியோடு கைகூப்பி நின்றாள். மனைவியைப் பார்த்து வரதராஜுலுவும் கைகூப்பினார். பாட்டு முடிந்ததும் லின்சி ஜெபம் செய்ய ஆரம்பித்தாள்.

"அன்பின் ஆண்டவரே, இந்த வீட்டின் தலைவரை நீர் உம்மிடத்தில் எடுத்துக்கொண்டீர். அவர் இப்போது உம்முடைய மார்பில் இளைப்பாறுகிறார். துணையை இழந்து தனிமையில் தவிக்கிற எங்கள் அம்மாவின் கண்ணீரை நீர் துடைத்தருளும்…"

வரதராஜுலு கூப்பிய கையோடு ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

"இரவிலும் பகலிலும் பாடுபட்ட இந்தத் தகப்பனை…"

"ஏமண்டி" என்று கோமளா கணவரை வீட்டுத் தெலுங்கில் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டாள். பிறகு பொறுக்க முடியாமல், "ஏனுங்க, ஏனுங்க அம்மணி! ஒரு நிமிசம் நில்லுங்க. எங்கூட்டுக்காரரு இந்தா நிக்கறாருங்க!" என்றாள்.

இருபது பேரும் கண்ணைத் திறந்தார்கள். வரதராஜுலு ஏதோ தப்புச் செய்துவிட்டவரைப் போல லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு, "ஆமாங்க. இன்னும் இருக்கறனுங்க" என்றார்.

ஜெபமணிக்கு அது எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்து வாயை உடைத்துக்கொண்டு வெளியே போனது. கையால் பொத்தினாள், விரலிடுக்கில் இன்னும் மோசமாகச் சீறியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, மூச்சு வாங்க, இருட்டுக்குள் நின்று சிரித்தாள். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் தாத்தா வேஷக்காரன் இரண்டடி பின்னால் போனான். யாரோ ஒரு பெண் "இயேசுவே" என்றாள்.

கோமளாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு தெரியும். "அக்கா?" என்றாள் முதலில். அடுத்த நிமிஷம் பின்பக்கத்துச் சந்தைச் சுற்றி வந்து கதவைத் தட்டினாள்.

ஜெபமணி கதவைத் திறந்தாள். இரண்டு நாள் நைட்டி, சீவாத தலை, கன்னத்தில் சிரிப்பின் ஈரம். கோமளா செல்போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்துப் பார்த்தாள். பிறகு சமையலறை, வடிதட்டு, ஊறுகாய்ப் பாட்டில், காலிக் குடம் என்று ஒவ்வொன்றின் மேலும் அடித்தாள்.

"ஓசூருன்னு சொல்லிப்போட்டு…"

"போகலீங்க கோமளா."

"நாந்தா இங்க ஸ்டூல் போட்டு ஏறித் தண்ணி ஊத்தறேன். நீங்க உள்ளார உக்காந்து பாத்துட்டு இருந்தீங்களாக்கும்."

ஜெபமணி நைட்டியில் ஒட்டியிருந்த பன் தூளைத் தட்டினாள்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நா ஊரக் கூட்டியிருப்பனா? தொந்தரவு பண்ணாதடீன்னு ஒரு வார்த்த சொன்னா, பேசாமக் கெடந்திருக்க மாட்டனா?" கோமளாவின் குரல் உடைந்தது. கோபத்தில்தான்.

"தூங்கோணும் கோமளா" என்றாள் ஜெபமணி. "ஒரு ராத்திரி முழுசாத் தூங்கோணும். வேற ஒண்ணுமே இல்ல. அது வர மாட்டீங்குது."

கோமளா செல்போனை அணைத்தாள். பிறகு கோமளா மூக்கை உறிஞ்சிவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "அந்தப் பசங்க எல்லாம் மொகஞ் செத்துப்போயி நிக்குதுங்க. பாவம், எங்கூட்டுக்காரரக் கொன்னுபோட்டமேன்னு அந்தப் புள்ள அழுவுது. முன்பக்கத்துச் சாவியக் குடுங்க" என்றாள்.

ஜெபமணிக்கு மறுக்கத் தெம்பு இல்லை. சாவியைக் கொடுத்தாள். நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வருவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது; கிரில் கதவு திறந்துவிட்டது; செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டு அவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நாற்காலி போதவில்லை. கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. அது என்ன இடமென்று அவர்களுக்குத் தெரியாது. எட்டுப் பத்துப் பேர் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஜெபமணி அதைப் பார்த்தபடி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். லின்சி வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்கம்மா, வீடு மாறிப் போயிட்டோம்" என்றாள். மஸ்காரா கரைந்து கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அதுல என்ன கண்ணு. எனக்குப் பண்ண வேண்டிய ஜெபத்த அங்க போயிப் பண்ணிட்டீங்க, அவ்வளவுதான்."

"தப்பே இல்லீங்க" என்றார் வாசலில் நின்ற வரதராஜுலு. இப்போது சட்டை போட்டிருந்தார். "நாளைக்கு நெசமாப் போனா மறுக்கா ஒருக்கா வரோணுமில்ல. மொதல்லயே பண்ணியாச்சு."

"வாயக் கழுவுங்க" என்று கோமளா தன் வீட்டுப் பக்கமிருந்து சத்தம் போட்டாள். பெரிய பாத்திரத்தில் சுக்குக் காபி வைத்துக்கொண்டு வந்து, எவர்சில்வர் டம்ளர்களை ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தாள். ஜெபமணியின் கையிலும் ஒரு டம்ளர் வந்தது. சூடு உள்ளங்கையில் ஏறியது.

லின்சி மறுபடி முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு, "அதே பாட்டப் பாடட்டுமாங்கம்மா?" என்றாள்.

"வேண்டாங்கண்ணு. அந்த டிரம் எதுக்கு வெளியில கெடக்குது? உள்ள எடுத்துட்டு வரச்சொல்லு. எது நல்லாச் சத்தமா இருக்குமோ அதப் பாடுங்க."

தாடி வைத்த பையன் ஒருவன் டிரம்மை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டான். முதலில் தயங்கித் தயங்கித் தட்டினான். பாட்டின் இரண்டாம் வரியில் ஓங்கி அடிக்க ஆரம்பித்தான். கஞ்சிரா சேர்ந்தது. தாத்தா முகமூடியை மாட்டிக்கொண்டு எழுந்து, டீப்பாயில் இடித்துக்கொண்டு, தலையணை வயிறு சரியச் சரிய ஆடினான். கோமளா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுக்குக் காபி தொண்டையில் காரமாக இறங்கியது. ஜெபமணி சோபாவில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். அவர் இருந்திருந்தால் இந்நேரம் கை தட்டிக்கொண்டிருப்பார், தாளம் தப்பும், என்று நினைத்தாள். அதற்கு அடுத்து என்ன நினைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

டம்ளர் சரிவதைக் கோமளாதான் முதலில் பார்த்தாள். எட்டி வாங்கிக்கொண்டாள். ஜெபமணியின் தலை சோபாவின் கையில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. லின்சி பதறிப்போய்க் கையை உயர்த்தினாள். பாட்டு சட்டென்று நின்றது. டிரம் நின்றது. அறை அமைதியானது.

ஜெபமணியின் கண்கள் திறந்துகொண்டன. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை. கை தானாக நீண்டு, பக்கத்தில் எதையோ புரட்டப் போவது போலக் காற்றில் துழாவியது.

"அடிங்க" என்றாள் கோமளா, டிரம் வைத்திருந்தவனைப் பார்த்து. "நிறுத்தாதீங்க கண்ணு, அடிங்க."

அவன் அடித்தான். மற்றவர்களும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நீண்ட கை மெதுவாக மடியில் இறங்கியது, கண்கள் மூடின. கோமளா ஒரு தலையணையைக் கொண்டுவந்து கழுத்துக்கு அண்டை கொடுத்தாள். பாட்டு முடிந்ததும் இடைவெளி விடாமல் இன்னொன்று. அதற்குப் பின் இன்னொன்று. வேன் டிரைவர் சந்து முனையிலிருந்து இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, பிறகு அவரும் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். போக வேண்டிய வீடுகள் இன்னும் இருந்தன. லின்சி விரலால் சைகை காட்டினாள். ஓரத்தில் இருந்தவர்கள் பாடிக்கொண்டே எழுந்தார்கள்; பாடிக்கொண்டே வாசலில் குனிந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். ஒவ்வொருவராக வெளியே போகப் போக, குரல் அறைக்குள் குறைந்து சந்தில் கூடியது. கடைசியாக டிரம்காரன் மட்டும் தரையில் இருந்தான். விரல் நுனியால் மட்டும் தட்டியபடி, டிரம்மை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, பின்புறமாகவே நடந்து, வாசற்படியைக் காலால் தடவித் தடவி இறங்கினான்.